ஆடிட் என்றால் கேட்பது

மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்ததும் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடும் சொல் 'ஆடிட்'. "ஆடிட் முடிஞ்சுதா சார்?", "ஆடிட்டர் கையெழுத்துப் போட்டாச்சா?", "ஆடிட் ஆன கணக்கைக் குரூப்பில் போடுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். சில வாரங்களில் கணக்கு பிடிஎஃப்பாக வந்து சேரும். நாலு பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். அத்துடன் அந்த வருஷத்துக் கணக்கு நம்மைப் பொறுத்தவரை முடிந்தது.

30 வருஷங்களுக்கு மேல் வங்கிக் கவுண்டரிலும் லெட்ஜரிலும் காலம் கழித்தவன் நான். ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் கிளையில் மேனேஜர் முதல் கடைநிலை ஊழியர் வரை நிமிர்ந்து உட்காருவோம். கன்கரண்ட் ஆடிட், ஸ்டாச்சுட்டரி ஆடிட், ரிசர்வ் வங்கி இன்ஸ்பெக்ஷன் என்று வருஷம் முழுவதும் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். இன்றைக்கு இந்தச் சொல் வங்கியையும் கம்பெனியையும் தாண்டி வந்துவிட்டது. மின்சாரச் செலவுக்கு எனர்ஜி ஆடிட், பழைய கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட், தீயணைப்புக் கருவிகளுக்கு சேஃப்டி ஆடிட் என்கிறோம். வீட்டில் மளிகைச் செலவு பற்றி இரண்டு கேள்வி கேட்டால், "என்ன, என்கிட்டயே ஆடிட்டா?" என்று பதில் வருகிறது.

இத்தனை இடத்தில் புழங்கும் இந்தச் சொல்லின் அசல் பொருள் என்ன? கணக்குப் பார்ப்பதா, சரிபார்ப்பதா, சோதனை போடுவதா? மூன்றும் இல்லை. ஆடிட் என்றால் கேட்பது. காதால் கேட்பது.

ஆடியோவின் உடன்பிறப்பு

லத்தீன் மொழியில் 'ஆடீரே' என்றால் கேட்டல். ஆடியோ, ஆடியன்ஸ், ஆடிட்டோரியம், நடிகர் தேர்வுக்குச் சொல்லும் ஆடிஷன் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவைதான். ஆடிட்டர் என்றால் கேட்பவர். அமெரிக்காவில் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் சில சமயம் "அந்தக் கிளாஸை ஆடிட் பண்றேன்" என்பார்கள். கணக்குப் பாடமோ என்று நினைத்துவிட வேண்டாம். பரீட்சையும் மார்க்கும் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்து கேட்பதற்கு அங்கே அந்தப் பெயர். சொல்லின் பழைய பொருள் அங்கே இன்னும் அப்படியே இருக்கிறது.

கணக்குக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்துகொள்ள, இங்கிலாந்தில் ஒரு 700, 800 வருஷம் பின்னால் போக வேண்டும். அன்று பெரிய நிலப்பிரபுக்களின் பண்ணைகளைக் காரியஸ்தர்கள் பார்த்துக்கொண்டார்கள். விதை நெல்லுக்குப் பதில் கோதுமை, மாட்டுக்குக் கூட ஆடு என்பதைத் தவிர, நம் ஊர் மிராசுதாரர், கணக்குப்பிள்ளை ஏற்பாடு போலத்தான். அறுவடை முடிந்ததும் காரியஸ்தர் பண்ணை வீட்டுக் கூடத்தில் நின்று கணக்கை ஒப்பிக்க வேண்டும். அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. கணக்கை எழுத ஒரு எழுத்தர் இருப்பார். அவர் எழுதியதை உரக்கப் படிப்பார்கள். பிரபு நியமித்த ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களுக்குத்தான் ஆடிட்டர் என்று பெயர்.

அந்தக் கணக்கின் அமைப்பை பி.காம். படித்தவர்கள் ரசிப்பார்கள். லாபம், நஷ்டம் என்ற பேச்சே கிடையாது. முதலில், காரியஸ்தர் பொறுப்பில் வந்தது எல்லாம்: போன வருஷ மிச்சம், வந்த குத்தகை, விளைந்த தானியம், பிறந்த கன்றுக்குட்டி. அடுத்து, அவர் கணக்குச் சொல்லிக் கழித்துக்கொள்வது எல்லாம்: கூலி, விதை, செத்துப்போன ஆடு, பிரபுவிடம் கொடுத்த பணம். மிச்சம் எவ்வளவோ அது அவர் தலையில். அதாவது, "உன்னிடம் ஒப்படைத்தது என்ன ஆயிற்று?" என்ற ஒரே கேள்விக்குப் பதில்தான் கணக்கு.

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் விஷயம் சாதாரணமாக முடியாது. முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், 1285-ல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் இரண்டாம் சட்டம் ஆடிட்டர்களுக்கு ஒரு பெரிய அதிகாரத்தைக் கொடுத்தது. கணக்குக் கேட்டதில் காரியஸ்தர் பாக்கி வைத்திருப்பது தெரிந்தால், ஆடிட்டர்களின் சாட்சியத்தின் பேரிலேயே அவரைச் சிறைக்கு அனுப்பலாம். இன்றைய ஆடிட்டர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

கட்டம் போட்ட துணியும் குச்சியும்

பண்ணையில் நடந்தது அரசாங்கத்திலும் நடந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஷெரிஃப் என்ற அதிகாரி இருந்தார். வரி வசூல் அவர் பொறுப்பு. ஈஸ்டர் சமயத்தில் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை என்று வருஷத்தில் இரண்டு தடவை மன்னரின் கருவூலத்துக்கு வந்து அவர் கணக்குச் சொல்ல வேண்டும். கருவூலப் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர், 1170-களின் பிற்பகுதியில் இந்த நடைமுறையை ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வது போல ஒரு நூலாகவே எழுதிவைத்தார்.

அவர் சொல்வதன்படி, சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலமுள்ள மேஜை. அதன் மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. சதுரங்கப் பலகை போல இருந்ததால் அந்த இடத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. இங்கிலாந்து நிதி அமைச்சரை இன்றும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றுதான் சொல்கிறார்கள். நாம் வங்கியில் கொடுக்கும் செக்கும் இதற்குத் தூரத்து உறவுதான். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஷெரிஃப் கட்ட வேண்டிய தொகைக்குத் துணியில் ஒரு பக்கம் காய்களை வைப்பார்கள். கட்டியதற்கு இன்னொரு பக்கம் வைப்பார்கள். சொல்வது காதில் விழும், காய் நகர்வது கண்ணில் தெரியும். எழுத்து தெரியாதவரும் தன் கணக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல இடமே இல்லாத ஏற்பாடு.

ரசீதும் எழுத்தில் இல்லை, குச்சியில் இருந்தது. ஒரு மரக்குச்சியில் தொகைக்கு ஏற்றபடி வெட்டு போடுவார்கள். 1,000 பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், 100-க்குக் கட்டைவிரல் அகலம், 20-க்குச் சுண்டுவிரல் அகலம். பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. கணக்குக் கேட்கும் நாளில் இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டுகள் பொருந்தினால் சரி. அந்தக் குச்சிக்குப் பெயர் 'டேலி'. "கணக்கு டேலி ஆகுதா?" என்று நாம் கேட்பதும், நம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு மென்பொருளின் பெயரும் இங்கிருந்து வந்தவைதான். இந்த முறை 19-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. வேண்டாத பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16-ஆம் தேதி பிரபுக்கள் சபையின் அடுப்பில் போட்டு எரித்தபோது, தீ பரவி லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதியே எரிந்துபோனது.

நம் பக்கத்துக் கதை

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. சுமார் 2,000 வருஷப் பழமை கொண்ட கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் கணக்கு இலாகாவுக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. கணக்கர்கள் ஆஷாட மாதத்தில், அதாவது நம் ஆனி, ஆடி வாக்கில், முத்திரை வைத்த ஏடுகளோடும் மிச்சத் தொகையோடும் தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும். வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள முடியாதபடி வைக்க வேண்டும். வரவு, செலவு, மிச்சம் என்ற மூன்றையும் அவர்கள் வாயால் சொல்லக் கேட்ட பிறகே பணத்தை வாங்க வேண்டும். இங்கேயும் கேட்பதுதான் முதல் படி. பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதிரி சொல்லிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை வேறு.

இன்னும் பக்கத்தில் வருவோம். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் வருஷங்களில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைக்காக இவற்றைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். 35 வயது, சொந்த மனை, கல்வி என்ற தகுதிகள் நமக்கு நினைவிருக்கும். ஆனால் கணக்கு பற்றிய விதியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்கள் ஒரு நீண்ட பட்டியலாகவே தகுதி இழக்கிறார்கள். கணக்கு எழுதுபவருக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து பெரியவர்கள் முன் காட்ட வேண்டும். வேறு கணக்கரைக் கூட்டிவந்து முடித்துவைக்கக் கூடாது. நேர்மையானவர் என்று அவர்கள் ஏற்ற பிறகுதான் மறுபடி வேலை.

1,100 வருஷத்துக்கு முந்தைய ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பைலா இது. நம்முடைய பைலாவில் இத்தனை கண்டிப்பு இல்லை.

காது பிடிக்கும் தப்பு

படிப்பறிவு இல்லாத காலத்தில் உரக்கப் படித்தார்கள், சரி. எல்லோருக்கும் படிக்கத் தெரிந்த பிறகு எதற்குக் கேட்க வேண்டும்? இதற்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கியில் 'காலிங் ஓவர்' என்று ஒரு வேலை உண்டு. ஒருவர் வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு எண், பெயர், தொகை என்று உரக்கச் சொல்வார். இன்னொருவர் லெட்ஜரில் அந்தப் பதிவைப் பார்த்து டிக் அடிப்பார். லெட்ஜர் எழுதியவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. 5,630 என்பதை 5,360 என்று எழுதியிருந்தால், எழுதியவர் கண்ணுக்கு அது பத்து தடவை பார்த்தாலும் சரியாகத்தான் தெரியும். நம் கை எழுதியதை நம் கண் நம்பிவிடும். பக்கத்தில் ஒருவர் "ஐயாயிரத்து அறுநூற்று முப்பது" என்று சொல்லும்போது டிக் அடிப்பவரின் பேனா அங்கேயே நின்றுவிடும். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும் என்பது கிளார்க்குகளின் வாய்ப்பாடு. மேலே உள்ளதில் வித்தியாசம் 270, வகுத்தால் 30. ஆனால் அது பேலன்ஸ் இடித்த பிறகு தேடுவதற்கு உதவுவது. இடிக்காமலே பிடித்துக் கொடுத்தது காதுதான்.

சத்தமாகச் சொல்வதில் இன்னொரு பலனும் உண்டு. சொல்பவரும் யோசித்துச் சொல்வார். "இதர செலவுகள் 1,85,000" என்று தாளில் அச்சடிப்பது சுலபம். அதையே 50 பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லும்போது, "இதர என்றால் என்ன?" என்று யாரும் கேட்பதற்கு முன்பே விளக்கம் தயாராகிவிடும். இந்தத் தொகை உதாரணத்துக்குத்தான், யாரும் பதற வேண்டாம்.

கேட்பது போய்ப் படிப்பது வந்தது

பிறகு ஏன் ஆடிட் காதை விட்டுப் போனது? கம்பெனிகள் பெரிதானதுதான் காரணம். பண்ணைக்கு ஒரு பிரபு. ரயில்வே கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான பங்குதாரர்கள், ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பார்கள். அவர்கள் அத்தனை பேரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்க முடியாது. அவர்கள் சார்பில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று 1844-ல் இங்கிலாந்தின் கூட்டுப்பங்குக் கம்பெனிச் சட்டம் ஆடிட்டரைக் கொண்டுவந்தது. 1856-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அதன் விலை 1878 அக்டோபரில் தெரிந்தது. சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி திடீரென்று கதவை மூடியது. இயக்குநர்கள் வருஷக்கணக்கில் பொய்யான பேலன்ஸ் ஷீட் காட்டி டிவிடெண்ட் கொடுத்து வந்திருக்கிறார்கள். பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு இல்லாத வங்கி அது. ஆகவே போட்ட பணம் போனது போதாதென்று வங்கியின் கடனையும் அவர்களே கட்ட வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் ஓட்டாண்டிகள் ஆனார்கள். இயக்குநர்கள் சிறைக்குப் போனார்கள். அடுத்த வருஷமே, வரையறுத்த பொறுப்புள்ள வங்கிகளுக்கு ஆடிட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. எல்லாக் கம்பெனிகளுக்கும் கட்டாயமாக 1900 ஆனது.

நம் சென்னையிலும் இதே மாதிரி அடி விழுந்தது. 1906 அக்டோபர் 22-ஆம் தேதி அர்பத்நாட் கம்பெனி திவாலானது. அது கூட்டாளிகள் நடத்திய தனியார் ஸ்தாபனம். உள்ளே கணக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க, பணம் போட்ட ஆயிரக்கணக்கான பேருக்கு வழியே இல்லை. வெள்ளைக்காரப் பெயரை நம்பிப் போட்டார்கள். அந்த அடியின் விளைவாக, நம்மவர்கள் சேர்ந்து 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள் என்பது பலருக்குத் தெரிந்த கதை. 1913-ன் இந்தியக் கம்பெனிச் சட்டம் இங்கேயும் ஆடிட்டைக் கட்டாயமாக்கியது. 1949-ல் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டம் வந்து ஆடிட்டர் தொழிலுக்கு முறையான அமைப்பு கிடைத்தது.

இதற்கு நடுவில் 1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. காமர்ஸ் படித்த யாரும் இதை மறக்க முடியாது. மில் மேனேஜர் சரக்குக் கையிருப்பைக் கூட்டிக் காட்டினார், ஆடிட்டர்கள் அதை நம்பினார்கள். ஆடிட்டர் காவல் நாயே தவிர மோப்ப நாய் அல்ல, சந்தேகப்பட முகாந்திரம் இல்லாதபோது நம்பியது தப்பில்லை என்று நீதிபதி லோப்ஸ் சொல்லிவிட்டார். அதற்குப் பின் சட்டமும் தரங்களும் எவ்வளவோ இறுகிவிட்டன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. ஆடிட்டர் தன் முன் வைத்த தாள்களைப் பார்க்கிறார். லிஃப்ட் வேலை உண்மையில் நடந்ததா, பம்ப் புதிதா பழசா என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

'கேட்பது' எப்படித் தேய்ந்தது என்பதை நம் சட்டப் புத்தகத்திலேயே பார்க்கலாம். 1956 கம்பெனிச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு, ஆடிட்டர் அறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்றது. 2013 சட்டத்தின் 145-ஆம் பிரிவில் அது சுருங்கி, கம்பெனியின் செயல்பாட்டைப் பாதிக்கும் குறைகளை மட்டும் வாசித்தால் போதும் என்று ஆனது. கூட்டங்களில் "டேக்கன் ஆஸ் ரெட்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். 'வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாம்' என்று அர்த்தம். ஒருவரும் வாசிக்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது.

நம் வாயில் ஆடிட்டர்

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனிப் போக்கு உண்டு. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று யாரும் சொல்வதில்லை, எல்லோரும் 'ஆடிட்டர்'தான். வருமான வரி ரிட்டர்ன் போடுபவரும் ஆடிட்டர், ஜிஎஸ்டி பார்ப்பவரும் ஆடிட்டர், மாதாமாதம் வந்து கணக்கு எழுதிக் கொடுப்பவரும் ஆடிட்டர். பேச்சுக்கு இதில் குற்றமில்லை. ஆனால் சங்கத்துக் காரியத்தில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுதுபவர் வேறு, கேட்பவர் வேறு. கணக்கு எழுதிக் கொடுப்பவரே அதற்கு ஆடிட் சான்றும் கொடுத்தால், லெட்ஜர் எழுதியவரே டிக் அடிப்பது போல ஆகிவிடும்.

எழுத்துத் தமிழில் ஆடிட்டுக்குத் 'தணிக்கை' என்கிறோம். சினிமாவுக்கும் அதே சொல். அங்கே தணிக்கை என்றால் வெட்டுவது, இங்கே தணிக்கை என்றால் வெட்டியதைக் கண்டுபிடிப்பது.

ஆனால் ஆடிட்டின் சரியான தமிழ் நம் பேச்சு வழக்கில் எப்போதும் இருந்திருக்கிறது. 'கணக்குக் கேட்பது' என்பதுதான் அது. 1972-ல் தமிழக அரசியலில் ஒருவர் கணக்குக் கேட்டு என்ன நடந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சங்கப் பத்திரிகையில் அரசியல் வேண்டாம், சொல்லை மட்டும் பார்ப்போம். லத்தீன் சொல்லில் இருப்பது காதால் கேட்பது மட்டும். தமிழில் 'கேள்' என்றால் செவியால் கேட்பதும் அதுதான், கேள்வி கேட்பதும் அதுதான். பாட்டுக் கேட்கிறோம், வழியும் கேட்கிறோம். திருக்குறளில் 'கேள்வி' என்ற அதிகாரம் செவிச்செல்வத்தைப் பற்றியது. ஆடிட்டின் இரண்டு பாதியும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. முதலில் காது கொடுத்துக் கேட்பது, பிறகு வாய் திறந்து கேட்பது. இரண்டும் இல்லாத பொருளுக்கும் நம்மிடம் சொல் உண்டு: கேட்பாரற்றுக் கிடக்கிறது என்போம்.

ராஜஸ்தானில் மறுபடி காதுக்கு

தொலைந்துபோன இந்தக் 'கேட்டல்' நம் காலத்திலேயே ஒரு முறை திரும்பி வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் ராஜஸ்தானின் கிராமத்துக் கூலித் தொழிலாளர்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அங்கே 1990-ல் தொடங்கிய மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, அரசு வேலைகளில் கூலி முழுதாக வராதது ஏன் என்று கேட்கத் தொடங்கியது. 1994 டிசம்பர் முதல் அவர்கள் 'ஜன் சுன்வாய்' நடத்தினார்கள். ஜன் என்றால் மக்கள், சுன்வாய் என்றால் கேட்டல். ஆடிட்டின் நேர் மொழிபெயர்ப்பு போலவே இருக்கிறது.

செய்தது மிகச் சாதாரணமான காரியம். வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவேட்டை ஊர் நடுவில், மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். இறந்துபோனவர் பெயரில் கூலி பட்டுவாடா ஆகியிருந்தது. ஊரிலேயே இல்லாதவர் வேலை செய்திருந்தார். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்து, கைநாட்டு, கூட்டல் எதிலும் குறையில்லை. செத்தவர் பெயர் காதில் விழுந்ததும் ஊர் எழுந்து நின்றது. அந்தப் போராட்டம் வளர்ந்துதான் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி வகுத்தது. அதே வருஷம் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில் கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கையைச் சேர்த்தது.

அந்த ஊர்க்காரர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. நமக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் கணக்கு விஷயத்தில் அவர்கள் செய்ததை நாம் செய்வதில்லை.

நம் கூட்டத்துக்கு வருவோம்

யார் மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் பொருளாளர்கள் சம்பளம் இல்லாமல், சொந்த வேலையை விட்டுவிட்டு இந்தப் பொறுப்பைப் பார்க்கிறார்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையே அதை உட்கார்ந்து கேட்பதுதான். "பார்த்தாச்சு, பாஸ்" என்று ஐந்து நிமிடத்தில் கை தூக்கிவிட்டு டிபனுக்குப் போவது மரியாதை அல்ல. பிறகு பெயிண்ட் அடிக்கவோ லிஃப்ட் மாற்றவோ பணம் கேட்கும்போது "இத்தனை வருஷம் கட்டினது எங்கே போச்சு?" என்று குழுவில் சண்டை போடுவது அதைவிட மோசம்.

வரும் பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கைத் தலைப்புத் தலைப்பாக உரக்க வாசிக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். 20 நிமிடம் போதும். கண் பார்வை மங்கிய என் வயதுக்காரர்களுக்கும், பிடிஎஃப் திறக்கத் தெரியாதவர்களுக்கும் அது பேருதவி. கேட்க வருபவர்கள் கையில் ஐந்து கேள்வி இருந்தால் நல்லது:

1. மார்ச் 31-ஆம் தேதி வங்கி இருப்பு எவ்வளவு? வங்கி ஸ்டேட்மென்டில் உள்ள தொகையும் நம் புத்தகத் தொகையும் ஒன்றா? வித்தியாசம் இருந்தால் எந்தெந்தச் செக்கால்?

2. ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதுகள் யார் பெயரில், எந்த வங்கியில், எப்போது முதிர்கின்றன? அசல் ரசீதை ஆடிட்டர் பார்த்தாரா?

3. கார்பஸ் ஃபண்ட் தனியாக இருக்கிறதா, மாதச் செலவுக்கு அதிலிருந்து எடுத்தோமா?

4. பராமரிப்புக் கட்டண பாக்கி மொத்தம் எவ்வளவு? அதில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்டது எவ்வளவு? (பெயர் வேண்டாம், தொகை போதும்.)

5. பெரிய செலவு ஒவ்வொன்றுக்கும் எத்தனை கொட்டேஷன் வாங்கினோம்? பில் இல்லாத செலவு ஏதாவது உண்டா?

இவற்றைச் சந்தேகத்தோடு கேட்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தால், "பால்காரருக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்போமே, அந்தக் குரலில் கேட்டால் போதும். பதில் சொல்பவரும் அதே குரலில் சொல்வார்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேள்வியை எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள். வருபவர்கள் கொஞ்சம் முன்வரிசையில் உட்காருங்கள். ஹாலில் பின்பக்கம் மைக் சரியாகக் கேட்பதில்லை.